புது பைக் இன்ஜினில் புதுச் சத்தமா? பிரிக்கக் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துவிடலாம்

புது வண்டி எடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, திடீரென்று ஒருநாள் இன்ஜின் பக்கமிருந்து இதுவரை கேட்காத ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் டேப்பட் என்பார், டீக்கடையில் நிற்பவர் டைமிங் செயின் என்பார், இன்னொருவர் ஆயிலை மாற்று எல்லாம் சரியாகிவிடும் என்பார். மூன்று பேரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: சத்தம் எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா, நிற்கும்போதா, ஓடும்போதா, கிளட்ச் பிடித்தால் இருக்கிறதா போய்விடுகிறதா? எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால் எப்போது வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, இன்ஜினைத் திறக்கிற அவசியமே பெரும்பாலும் வராது.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டி வண்டி ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மதுரையில் ஓடும் அதே வண்டிக்கு வராத சில சத்தங்கள் இங்கே மணலாலும் உப்பாலும் வரும். அதேபோல, நம் பக்கம் மேடே இல்லாத தட்டை ரோடு என்பதால், வேறு ஊரில் முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுக்கும் ஒரு சத்தம் இங்கே மாதக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும்.

முதலில், பயப்படத் தேவையில்லாத சத்தங்கள்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கிற வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். பழைய கார்ப்ரேட்டர் வண்டியிலிருந்து இதற்கு மாறியவர்களுக்குச் சில சத்தங்கள் புதிதாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி ‘உய்ங்’ என்று கேட்டு நின்றால் அது பெட்ரோல் பம்ப். ஐடிலில் மெலிதாக, ஒரே சீராக ‘டிக் டிக் டிக்’ என்பது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வைத் திறக்கும் டேப்பட்டாகவும் இருக்கலாம். லேசாகவும் சீராகவும் இருக்கிற வரை இரண்டுமே தப்பில்லை. நிறுத்தின பிறகு சைலன்சர் பக்கம் ‘டிங்... டிங்...’ என்று விட்டு விட்டு வருவது சூடான இரும்பு ஆறிச் சுருங்குகிற சத்தம், அதுவும் பிஎஸ்6 சைலன்சருக்குள் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடாக இருப்பதால் முன்பைவிடக் கொஞ்சம் கூடவே கேட்கும். நியூட்ரலிலிருந்து முதல் கியர் போடும்போது ஒரு ‘டக்’ எல்லா வண்டியிலும் உண்டு. ரேடியேட்டர் இருக்கிற வண்டி என்றால் டிராஃபிக்கில் நிற்கும்போது ஃபேன் தானாக ஓடும், சில வண்டிகளில் ஆஃப் செய்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். முதல், இரண்டாம் கியரில் லேசான கியர் ஊளை இருந்தால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, புது வண்டி வாங்கியவர் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது ஒன்றுதான்: வண்டியின் நல்ல சத்தத்தைப் பதிவு செய்து வைப்பது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம், நன்றாக ஓட்டி வந்து சூடாக இருக்கும்போது ஒரு நிமிடம். போனை இன்ஜினிலிருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வையுங்கள். காற்றுக்கு மறைவாக, சுவர் ஓரமாக நிறுத்தி எடுக்க வேண்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வெட்டவெளியில் எடுத்தால் மைக்கில் காற்றுதான் பதிவாகும், இன்ஜின் பதிவாகாது. இந்த இரண்டு பதிவும் கையில் இருந்தால், ‘முன்னாடி இப்படி இல்லை’ என்று சர்வீஸ் சென்டரில் வாய்ச்சொல்லாகச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, போட்டே காட்டிவிடலாம். பூட்டிய அறைக்குள், ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு எடுக்காதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, மணமே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

சத்தம் எப்போது வருகிறது

சரி, சத்தம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஐடிலில் கேளுங்கள். நிற்கும்போதே வருகிறது, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அதோடு சேர்ந்து வேகமாகிறது என்றால் அது இன்ஜினோடு சம்பந்தப்பட்டது. நிற்கும்போது சுத்தமாக இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் இன்ஜின் மேல் பழி போடும் முன்னால் இன்னொன்று பார்க்க வேண்டும். வாகனம் அதிகம் இல்லாத ரோட்டில், உச்சிப்புளி தாண்டி நேராகக் கிடக்கிறதே அந்த மாதிரி இடத்தில், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு நாற்பதில் போகும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளட்சை முழுதாகப் பிடித்து வண்டியை உருளவிடுங்கள். இப்போது இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிட்டது, சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுகிறது. சத்தம் இன்ஜினோடு இறங்கினால் அது இன்ஜினுடையது. இறங்காமல் வண்டி வேகத்தோடு மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தால் அது செயின், செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பிரேக், வீல் பேரிங் இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனைக்கு ஸ்பேனர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். ஆனால் உருளும்போது சாவியை ஆஃப் செய்து பார்க்காதீர்கள், கைதவறி ஹேண்டில் லாக் விழுந்தால் தப்பிக்க வழியில்லை.

அடுத்தது கிளட்ச். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது ஒரு ‘கலகல’ கேட்கிறது, கிளட்ச் லிவரைப் பிடித்ததும் அடங்குகிறது என்றால் அது கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம். லேசாக இருந்தால் பல வண்டிகளில் அது இயல்பு. தலைகீழாக, லிவரைப் பிடித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சைத் தள்ளுகிற பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும், அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். அதற்கு முன் கேபிளைப் பாருங்கள். லிவர் நுனியில் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை தொளதொளவென்று ஆட்டம் இருக்க வேண்டும், சுத்தமாக ஆட்டமே இல்லாமல் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் எந்நேரமும் பாதி பிடித்த மாதிரியே ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் சூடு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிற சத்தம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆயில் மேலே ஏறுகிற வரைக்கும், பிஸ்டன் சூடாகி விரிகிற வரைக்கும் சில சத்தங்கள் இருக்கத்தான் செய்யும். தலைகீழாக, குளிர்ந்திருக்கும்போது இல்லாமல், சூடாக ஆகக் கூடிக்கொண்டே போகிற சத்தத்தை எளிதாக விடக்கூடாது. சித்திரை வெயிலில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை நிற்காமல் ஓட்டி வந்தால் ஆயில் இளகி எல்லா வண்டியும் கொஞ்சம் கூடுதலாகத்தான் சத்தம் போடும், அதைக் கழித்துக்கொண்டுதான் இதைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக லோடு. இங்கேதான் நம் ஊருக்குச் சிக்கல். இன்ஜின் இழுத்துப் பிடிக்கிற நேரத்தில் மட்டும் வருகிற சத்தம் தட்டை ரோட்டில் வெளியே தெரியாது. இழுவைக்கு ஒரு ஏற்றம் வேண்டும். இந்தக் கரையில் அதற்கென்று இருக்கிற நல்ல ஏற்றம் பாம்பன் ரோடு பாலம். 1988-ல் திறந்த இந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், படகு போக நடுவில் நன்றாக உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்குகிறது, அதனால் ஒரே ஓட்டத்தில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சோதித்துவிடலாம். மண்டபம் பக்கமிருந்து ஏறும்போது உயர் கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திறங்கள். சிலிண்டர் பக்கமிருந்து சில்லறையைக் குலுக்கினது போல ‘கிணிகிணி’ என்று வந்தால் அது நாக்கிங், அதாவது பெட்ரோல் எரிய வேண்டிய விதத்தில் எரியாமல் வெடிக்கிறது. உடனே ஒரு கியர் குறையுங்கள். குறைத்ததும் போய்விட்டால் வண்டியில் கோளாறு இல்லை, நீங்கள் ஓட்டின கியர்தான் தப்பு. சரியான கியரிலும் வந்தால் சர்வீஸில் காட்ட வேண்டும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டு, கிளட்ச் பிடிக்காமல் இறங்குங்கள். இன்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினின் தொளதொளப்பு, பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பரின் ஆட்டம் எல்லாம் அந்த நேரத்தில் ‘கடகட’ என்று வெளியே வரும். பாலத்தின் இணைப்புகளில் டயர் ஏறும் ‘டப் டப்’பைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சத்தம் கேட்டதென்று பாலத்தின் நடுவில் ஓரம் கட்டவும் வேண்டாம், ஏற்கெனவே வேடிக்கை பார்க்க நிற்கிற வண்டிகளால் அங்கே இடமில்லை. காற்று பலமாக இருக்கிற நாளில் இந்தச் சோதனையே வேண்டாம்.

இன்னொரு விஷயம், வெட்டவெளியில் நம் காதுக்குச் சத்தம் குறைவாகத்தான் வரும், ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் வேறு. அதே வண்டி கீழக்கரைக்குள் உயர்ந்த சுவர் இரண்டு பக்கமும் இருக்கிற குறுகலான தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம் பெரிதாகிவிட்டது போல இருக்கும். இன்ஜின் மாறவில்லை, சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. இதையே சோதனைக்குப் பயன்படுத்தலாம்: நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இரண்டாவது கியரில் மெதுவாகப் போனால், எந்தப் பக்கத்துச் சத்தம் என்பது நன்றாகப் பிரிந்து கேட்கும். போகும்போது வலது பக்கம் சுவர், வரும்போது இடது பக்கம் சுவர்.

இன்ஜின் என்று நினைத்தது இன்ஜினாக இல்லாமல் போகலாம்

இன்ஜின் சத்தம் என்று கொண்டுவரும் வண்டிகளில் பல, இன்ஜினோடு சம்பந்தமே இல்லாமல் ஏதாவது ஒரு நட்டு தளர்ந்த வண்டிகளாக இருக்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ‘கிர்ர்’ என்று வந்து, அதைத் தாண்டினால் போய்விடுகிற சத்தம் இந்த ரகம். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, அந்தச் சத்தம் வருகிற அளவுக்கு ஆக்ஸிலேட்டரை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும்: நம்பர் பிளேட், சேலை கார்டு, கிராஷ் கார்டு, செயின் கவர், டேங்க் ஓரத்து பிளாஸ்டிக், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். சைலன்சர் மேலிருக்கும் தகட்டைக் கையால் தொடாமல் மரக்கட்டையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். ஷோரூமில் ஆக்சசரீஸ் மாட்டித் தருகிறார்களே, அவற்றிலிருந்து தொடங்குங்கள், அவசரத்தில் முறுக்கின நட்டுகள் முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிடும். மீன் பெட்டி வைக்கப் பின்னால் கேரியர் அடித்தவர்கள், அந்தக் கேரியர் கம்பி சைலன்சரையோ மட்கார்டையோ தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். பெட்டி இல்லாதபோது தொடாது, நாற்பது கிலோ ஏறியதும் தொடும்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் அதிகம் கேட்கிற சத்தம் அதுதான். தனுஷ்கோடி ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், காற்றடிக்கும் நாளில் ரோட்டின் குறுக்கே மணல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடும். அந்த மணல் செயினில் இருக்கிற ஆயிலில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினது ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயின் உருளைக்கும் நடுவில் போய் அரைபடுகிறது. வீட்டுக்கு வந்து இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ‘நறநற’ என்று கேட்கும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் சத்தமில்லாத சந்தில் நியூட்ரலில் தள்ளிக்கொண்டு நடந்தாலே போதும், கேட்டுவிடும். விரலைச் செயினில் வைத்து ஒரு துளி அழுக்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் மணல் உறுத்தும். இதற்கு மேலேயே மறுபடி ஆயில் விடுவதுதான் பலரும் செய்வது; அது மணலை இன்னும் உள்ளே தள்ளும். மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ கொண்டு மெதுவான பிரஷ்ஷால் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செயின் ஸ்பிரேயோ 90 நம்பர் கியர் ஆயிலோ உட்பக்கமாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். பொதுவாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பார்கள், தனுஷ்கோடிக்குப் போய்வந்தால் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே செய்துவிடுங்கள். ஒருபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது செயினைத் துடைக்காதீர்கள். கியரில் போட்டு சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியைப் பிடிக்கிற பழக்கத்தில் விரல் போனவர்கள் இருக்கிறார்கள்.

செயின் தொய்வும் சத்தம் தரும். நடுப்பகுதியில் மேலும் கீழும் தள்ளினால் இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் பல வண்டிகளுக்குச் சரி, உங்கள் வண்டிக்கான சரியான அளவு புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருப்பார்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாமல் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொய்வு என்றிருந்தால் அதுவே ‘கடக்... கடக்...’ என்ற சத்தத்துக்குக் காரணம்.

கடலுக்குப் போகிறவர்கள் இராத்திரி முழுக்க ஜெட்டி பக்கத்திலேயே வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் எடுத்து ஓட்டினால் முன்பக்கம் ‘சர்ர் சர்ர்’ என்று உரசும். டிஸ்க் மேல் ஈர உப்புக்காற்று பட்டுப் படிந்த துரு அது, நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் வழித்துக்கொண்டு போய்விடும். போகவில்லை என்றால் பிரேக் பேட் விலகாமல் இறுகியிருக்கிறது, அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வண்டியைக் கழுவும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊரில் பல வீட்டு போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கடல் உப்பை எடுத்துவிட்டுக் கிணற்று உப்பைப் பூசின கதைதான். குடிக்கிற தண்ணீரை வாளி வாளியாக ஊற்ற யாருக்கும் மனசு வராது, வேண்டியதும் இல்லை. நல்ல தண்ணீர் கால் வாளியில் துணியை நனைத்துக் கடைசியாக ஒருமுறை துடைத்தாலே போதும். இன்ஜின் ஆறின பிறகு.

இன்ஜினுக்குள்ளிருந்துதான் என்றால்

மேலே சொன்னதையெல்லாம் கழித்த பிறகும் சத்தம் இருக்கிறது, இன்ஜின் வேகத்தோடுதான் ஓடுகிறது என்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். புது வண்டிதானே, ஆயில் சரியாகத்தான் இருக்கும் என்று விடக்கூடாது. சமதளத்தில், சாயாமல் நேராக நிற்க வேண்டும். ஓட்டிவிட்டு ஆஃப் செய்து சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டிக்கை முறுக்காமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் முறுக்க வேண்டும், புத்தகம் சொல்வதைச் செய்யுங்கள். ஆயில் தெரிகிற சின்னக் கண்ணாடி இன்ஜினில் வைத்த வண்டி என்றால் ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் சத்தம் வரும். கிரேடு மாறினாலும் வரும்: 10டபிள்யூ-30 கேட்கிற வண்டிக்கு, கெட்டியாக இருந்தால் சத்தம் அமுங்கும் என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது சத்தத்தை மூடி மறைக்கிற வேலை, இன்ஜினுக்கு நல்லதில்லை. கார் ஆயிலை ஊற்றவே கூடாது. பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, அதனால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும்.

சத்தம் எந்த இடம் என்று தேட, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று எடுத்து, முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காது ஓரத்து எலும்பில் வைத்துக் கேளுங்கள். தலைப் பகுதி, சிலிண்டர் பக்கவாட்டு, கிளட்ச் கவர், அடிப்பகுதி என்று இடம் மாற்றி மாற்றி வைத்தால் எங்கே அதிகம் என்பது தெளிவாகத் தெரியும். செயின் பக்கமும் சைலன்சர் பக்கமும் போகாதீர்கள். துண்டு, சேலை முந்தானை எதுவும் தொங்கக்கூடாது. காற்றால் குளிர்கிற இன்ஜின் என்றால் நின்ற இடத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம்.

தலைப் பகுதியில் ‘டிக் டிக்’ என்று தையல் மெஷின் வேகத்தில் அதிகமாகக் கேட்டால் டேப்பட். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு, இரண்டு முறை சுற்றினால் ஒரு வால்வு ஒருமுறைதான் திறக்கும், அதனால் டேப்பட் சத்தம் எப்போதும் இன்ஜின் வேகத்தில் பாதியாக இருக்கும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் போக வேண்டும் என்று கேட்டால் சில மெக்கானிக்குகள் டேப்பட்டை இறுக்கிவிடுவார்கள். சத்தம் போய்விடும், உங்களுக்கும் சந்தோஷம். ஆனால் இன்ஜின் சூடானதும் அந்த வால்வு முழுதாக மூடாது, எரிகிற வாயு அதன் ஓரமாகக் கசிந்து வால்வைக் கருக்கிவிடும். இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருந்து லேசாகச் சத்தம் போடும் டேப்பட்டைவிட, சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட்டுதான் செலவு வைக்கும். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து, கம்பெனி சொன்ன இடைவெளிக்குத்தான் வைக்க வேண்டும். காதால் கேட்டு வைக்கிற வேலை இல்லை இது.

சிலிண்டரின் பக்கவாட்டில் ‘சலசல’ என்று சங்கிலி உரசுகிற மாதிரி கேட்டால் டைமிங் செயின். ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு விநாடி வந்து அடங்கினால் விட்டுவிடலாம். சூடான பிறகும் இருக்கிறது, ஆக்ஸிலேட்டரை விடும்போது கூடுகிறது என்றால் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் வேலை செய்யவில்லை. வாரண்டியில் மாற்ற வேண்டிய பாகம் அது, வெளியில் காசு கொடுத்து மாற்றாதீர்கள். சிலிண்டரும் சைலன்சர் குழாயும் சேருகிற இடத்தில் ‘சப் சப்’ என்று காற்று அடிக்கிற சத்தம், அந்த இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கரி என்றால் கேஸ்கெட் கசிவு. நட்டை இறுக்கியோ கேஸ்கெட் மாற்றியோ சரிசெய்துவிடலாம்.

பெட்ரோலையும் மறந்துவிட வேண்டாம். வள்ளத்து இன்ஜினுக்கு வைத்திருக்கிற கேனில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும், அவசரத்துக்கு என்று அதிலிருந்து வண்டிக்கு ஊற்றினால் ஏற்றமே இல்லாமல் கிணிகிணிக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிற்கிற வண்டி என்றால் முழு டேங்காக நிறுத்துவது நல்லது.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

அடிப்பகுதியிலிருந்து கனமாக ‘டொக் டொக் டொக்’ என்று, இழுக்கும்போது கூடி, சூடாகச் சூடாக இன்னும் பலமாக வந்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போகிறது. இதோடு ஆயில் லைட் எரிந்தாலோ, ‘கிரீச்’ என்று இரும்பும் இரும்பும் உரசினாலோ, வண்டி திடீரென்று யாரோ பிடித்து இழுப்பது போலத் திணறினாலோ, அந்த இடத்திலேயே கிளட்ச் பிடித்து ஓரம் கட்டி ஆஃப் செய்துவிடுங்கள். இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓட்டினால் பேரிங்கோடு முடிய வேண்டியது கிராங்க் வரை போகும். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து ‘இன்னும் வருதா’ என்று கேட்டுப் பார்ப்பதும் வேண்டாம். அரிச்சல்முனை ரோட்டில் நின்றுவிட்டால் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் கிடையாது, கம்பெனியின் ரோட்சைடு நம்பருக்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ராமேஸ்வரத்திலிருந்து குட்டியானை ஒன்றை வரவழைத்து ஏற்றுங்கள். கயிறு கட்டி இழுக்க வேண்டாம்.

ரன்னிங் இன், நம் ரோட்டுக்குத் தகுந்தபடி

முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அதை டாப் கியரில் இருபத்தைந்தில் போவது என்று புரிந்துகொள்கிறார்கள், அப்படி ஓட்டினால் இன்ஜின் முனகி முனகித்தான் இழுக்கும், நாக்கிங் வரும், புது இன்ஜினுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கியருக்குத் தகுந்த வேகம் வேண்டும், அதே நேரம் முறுக்கவும் கூடாது. இன்னொன்று, ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரைக்கும் நேர் ரோட்டில் ஒரே ஆக்ஸிலேட்டரில் ஐம்பதில் போட்டுக்கொண்டு போகத் தோன்றும். போகாதீர்கள். பிஸ்டன் ரிங் சரியாக உட்கார வேகம் ஏறி இறங்க வேண்டும். நாற்பது, ஐம்பது, மறுபடி நாற்பது, நடுவில் ஒரு கியர் குறைத்து ஏற்றுங்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500-லிருந்து 1000 கிலோமீட்டருக்குள் வரும், அதைத் தள்ளிப் போடாதீர்கள், புது இன்ஜினில் தேய்ந்து விழும் இரும்புத் துகள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கிறது. ஏர் ஃபில்டரையும் அன்றைக்கே திறந்து காட்டச் சொல்லுங்கள். மணல் ரோட்டில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் பொருந்தாது, ஃபில்டரைத் தாண்டி மணல் போனால் ரிங் தேயும், அப்புறம் சத்தத்தோடு புகையும் வரும்.

சர்வீஸ் சென்டரில்

‘இன்ஜின் சவுண்ட்’ என்று ஜாப் கார்டில் இரண்டு வார்த்தை எழுதிக் கொடுக்க விடாதீர்கள். ‘அண்ணே, நான் சொல்றத அப்படியே எழுதுங்க’ என்று சொல்லி, எப்போது வருகிறது என்பதை எழுத வையுங்கள்: சூடான பிறகு, மூன்றாவது கியரில், ஆக்ஸிலேட்டரை விடும்போது, சிலிண்டர் இடப்பக்கம், கிளட்ச் பிடித்தால் நிற்கவில்லை. இப்படி எழுதினால் மெக்கானிக் தேட வேண்டிய இடம் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும், அவருக்கும் இது உதவிதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருகிற சத்தம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு, காலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் அந்தச் சத்தம் வழியிலேயே அடங்கிவிட்டிருக்கும். ஓடும்போது மட்டும் வருவது என்றால் டெஸ்ட் டிரைவில் பின்னால் உட்கார்ந்து போங்கள். எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், ‘செக்குடு, ஓகே’ என்று மட்டும் எழுதினால் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். வாரண்டி முடிகிற வரை வெளியில் யாரும் இன்ஜினைத் திறக்க வேண்டாம், அலாரம், கூடுதல் லைட் என்று வயரை வெட்டவும் வேண்டாம்.

மூன்று முறை போயும் அதே சத்தம் இருக்கிறது என்றால் கம்பெனிக்கு மெயிலில் எழுதுங்கள், ஜாப் கார்டு நகல், போன் பதிவு எல்லாம் சேர்த்து. அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், வண்டி விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, கோளாறு வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.